கரடி பொம்மைகளின் அத்தை

குட்டீஸ்... உங்களில் எத்தனை பேர் டெடி பியரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறீர்கள்? வெளியே சொல்ல வெட்கமாக இருந்தால் மனசுக்குள் கை தூக்குங்கள், போதும்!

இன்னொரு கேள்வி. பெரியவர்கள் ஆனதும் ஒரு பெரிய பொம்மைக் கம்பெனியில் வேலை கிடைத்தால் எப்படி இருக்கும்? காலையில் போனதும் பொம்மை, மதியம் பொம்மை, சாயங்காலம் வரை பொம்மை. நாள் முழுக்க விளையாட்டுதான், கூடவே சம்பளமும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அது விளையாட்டு இல்லை, ரொம்பப் பொறுப்பான வேலை என்று காட்டிய ஒரு பெண்மணியின் கதைதான் இது. அவரால் ஒரு அடிகூட நடக்க முடியாது. வலது கையையும் சரியாகத் தூக்க முடியாது. ஆனாலும், உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பொம்மைக் கம்பெனி ஒன்றை அவர் உருவாக்கினார். பெயர் மார்கரெட் ஸ்டைஃப்.

ஜெர்மனியின் தென் பகுதியில், பிரென்ஸ் என்ற ஆற்றங்கரையில் கீங்கன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே 1847-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி மார்கரெட் பிறந்தார். அப்பா கட்டடங்கள் கட்டும் மேஸ்திரி. மார்கரெட்டுக்கு இரண்டு அக்கா. பின்னால் ஒரு தம்பியும் பிறந்தான். அவன் பெயர் ஃபிரிட்ஸ். இந்தத் தம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வருவான்.

மார்கரெட்டுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது; ஆனால் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. வலது கையை அசைத்தாலே வலித்தது. அது போலியோ. சொட்டு மருந்து குடிக்க வைக்க உங்களை எத்தனை முறை தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். மார்கரெட் காலத்தில் அந்த மருந்து இல்லை. போலியோவுக்குத் தடுப்பூசி வந்ததே 1955-ல்தான்.

பெற்றோர் மனம் ஒடிந்து போனார்கள். பெரிய வசதி இல்லாத குடும்பம். இந்தப் பெண் வளர்ந்து என்ன செய்வாள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை அம்மாவை வாட்டியது. ஊருக்கு ஊர் வைத்தியரைத் தேடினார்கள். 1856-ல் லுட்விக்ஸ்பர்க் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு வில்ட்பாட் என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளியல் சிகிச்சை. எதுவும் பலன் தரவில்லை.

மார்கரெட் என்ன செய்தார் தெரியுமா? ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடம் போனார்! ஒரு கை வண்டியில் அவரை உட்கார வைத்து, கூடப்பிறந்தவர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் இழுத்துக்கொண்டு போவார்கள். வகுப்புக்குள் யாராவது தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள். விடுமுறை நாட்களில் அதே வண்டி தெருவில் நிற்கும். சுற்றிலும் வாண்டுகள் கூட்டம்! வண்டியில் உட்கார்ந்தபடியே புதுப்புது விளையாட்டுகள் சொல்லித் தருவார் மார்கரெட். ஓட முடியாத சிறுமிதான் ஓடுகிற பிள்ளைகளுக்குத் தலைவி.

பள்ளிப் படிப்போடு தையல் வகுப்பிலும் சேர்ந்தார். ஆரம்பத்தில் தையல் சரியாக வரவில்லை. எப்படி வரும்? ஊசி பிடிக்க வேண்டிய வலது கைதானே ஒத்துழைக்க மறுக்கிறது! ஆனாலும் விடவில்லை. பதினேழு வயதுக்குள் தையலில் தேறிவிட்டார். இனி கால்கள் குணமாகாது என்பதை ஏற்றுக்கொண்டதும் அந்த வயதில்தான். குணமாகிவிடுமா என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏமாறுவதை விட்டுவிட்டு, இருக்கிற கைகளை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார். சிதர் என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டார். மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்துப் பணம் சம்பாதித்தார்.

பிறகு, வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வந்தது. அந்த ஊருக்கே அதுதான் முதல் தையல் மெஷினாம்! அதிலும் ஒரு சிக்கல். கையால் சுற்ற வேண்டிய சக்கரம் மெஷினின் வலது பக்கத்தில் இருந்தது. மார்கரெட் மெஷினையே திருப்பிப் போட்டார். இப்போது சக்கரம் இடது பக்கம் வந்துவிட்டது. இடது கையால் சுற்றித் தைத்தார். எவ்வளவு எளிமையான யோசனை, பார்த்தீர்களா!

1874-ல் அப்பா வீட்டின் ஒரு பகுதியைத் தையல் கூடமாக மாற்றிக் கொடுத்தார். 1877-ல் மார்கரெட் சொந்தமாகக் கடை திறந்தார். ஃபெல்ட் என்ற துணியில் பெண்களுக்கு உள்பாவாடையும் குழந்தைகளுக்கு உடைகளும் தைத்து விற்றார். ஃபெல்ட் என்பது தறியில் நெய்கிற துணி அல்ல. கம்பளி இழைகளை நனைத்து, அழுத்தி, ஒன்றோடொன்று பிணைத்துச் செய்வது. தடிமனாக இருக்கும்; வெட்டினால் ஓரம் பிரியாது. கீங்கனிலேயே ஃபெல்ட் ஆலை இருந்ததால் துணிக்கு அலைய வேண்டியதில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது. உதவிக்குத் தையல்காரப் பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டார். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வீடே கவலைப்பட்ட பெண், இப்போது நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்!

இதெல்லாம் சரி, பொம்மை எங்கே என்கிறீர்களா? வந்துவிட்டது. முதலில் வந்தது கரடி அல்ல, யானை!

1879 டிசம்பரில் ஒரு பெண்கள் பத்திரிகையில் குட்டி யானை ஒன்றைத் தைப்பதற்கான படம் வந்திருந்தது. அதைப் பார்த்து மார்கரெட் ஃபெல்ட் துணியில் யானை தைத்தார். உள்ளே ஆட்டுக் கம்பளியை அடைத்தார். எதற்காகத் தெரியுமா? குண்டூசிகளைக் குத்தி வைப்பதற்கு! தையல் வேலை செய்யும் பெண்களிடம் அப்படி ஒரு குட்டி மெத்தை எப்போதும் இருக்கும். தெரிந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று சில யானைகள் செய்தார்.

ஆனால், அவற்றை அம்மாக்களின் கையில் யாரும் விட்டு வைக்கவில்லை. வீட்டுக் குழந்தைகள் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்! காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பொம்மைகள் பெரும்பாலும் மரம், பீங்கான், தகரத்தில் செய்தவை. கீழே போட்டால் உடையும். கட்டிக்கொண்டு படுத்தால் குத்தும். மெத்து மெத்தென்று ஒரு யானை கிடைத்தால் எந்தக் குழந்தைதான் விடும்?

தம்பி ஃபிரிட்ஸ் இதைக் கவனித்தார். ஒரு மூட்டை யானைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்குப் போனார். நல்ல விற்பனை! அக்காவைவிட அவர்தான் உற்சாகமாகிவிட்டார். 1886-ல் 5000-க்கும் அதிகமான யானைகள் விற்றன. யானைக்குப் பின்னால் குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம், பன்றி, நாய், பூனை, எலி என்று ஒரு மிருகக்காட்சி சாலையே கிளம்பியது. ஃபிரிட்ஸும் அப்பாவைப் போலவே கட்டட வேலை தெரிந்தவர். 1890-ல் அக்காவுக்காக ஒரு புது வீடு கட்டினார். அக்காவின் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போய் வரும்படி பார்த்துப் பார்த்துக் கட்டினார். 1893-ல் பொம்மைத் தொழிற்சாலை என்று முறைப்படி பதிவு ஆனது.

அந்தத் தொழிற்சாலையில் வேலை எப்படி இருந்தது? நம் கேள்விக்கு வருவோம்.

மார்கரெட் அத்தையிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. குழந்தைகள் கைக்குப் போகும் பொருளில் இரண்டாம் தரம் என்பதே கூடாது. புதிதாக ஒரு பொம்மை செய்வதென்றால் அதன் மாதிரியை அவரே பார்த்துச் சோதிப்பார். தையல் பிரிகிறதா, காது கையோடு வந்துவிடுகிறதா, முகம் பிடித்த மாதிரி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் அனுமதி. ஒரு குழந்தை பொம்மையை என்னென்ன பாடு படுத்தும் என்று தெருவில் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தவர் ஆயிற்றே!

அத்தை என்று சும்மா சொல்லவில்லை. ஃபிரிட்ஸுக்கு ஆறு மகன்கள். ஒருவர் பின் ஒருவராக அத்தையின் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் என்பவர் ஸ்டட்கார்ட் நகரத்தில் ஓவியக் கலை படித்தவர். மிருகக்காட்சி சாலைக்குப் போய்க் கரடிகளின் கூண்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று படம் வரைவார். 1897-ல் கம்பெனியில் சேர்ந்தார்.

1902-ல் ரிச்சர்ட் ஒரு கரடி பொம்மை செய்தார். அதுவரை வந்த துணிப் பொம்மைகள் செய்தபடியே விறைப்பாக நிற்கும். இதுவோ கையை, காலை ஆட்டும்! உடம்பெல்லாம் புசுபுசுவென்று மோஹேர் துணி. அங்கோரா என்ற வகை ஆட்டின் ரோமத்தில் செய்வது அது. கரடிக்கு வைத்த பெயர் 55 பிபி. 55 என்பது சென்டிமீட்டரில் அளவு. மற்ற இரண்டு எழுத்துகளும் புசுபுசுத் துணி, அசையும் உறுப்பு என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகள்.

அத்தைக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. துணியின் விலை அதிகம். இவ்வளவு பெரிய கரடியை யார் வாங்குவார்கள் என்று தயங்கினார். ஆனாலும், வேண்டாம் என்று தடுக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். தனக்குச் சந்தேகம் இருந்தும், சின்னவர் ஆசையாகச் செய்ததைச் சந்தைக்குப் போக விட்டார்.

1903-ல் லைப்சிக் நகரத்துப் பொம்மைச் சந்தையில் கரடியைக் கொண்டுபோய் வைத்தார்கள். யாரும் சீந்தவில்லை. அத்தை சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று கடையைக் கட்டும் நேரம்... அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரி கரடியைப் பார்த்தார். 3000 கரடிகள் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டார்!

அமெரிக்காவில் அப்போது கரடிக்கு நல்ல நேரம். 1902 நவம்பரில் அந்த நாட்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் வேட்டைக்குப் போனார். அவர் சுடுவதற்காக ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார்கள். கட்டிப் போட்ட மிருகத்தைச் சுடுவது வீரமல்ல என்று அவர் மறுத்துவிட்டார். பத்திரிகையில் இது கார்ட்டூனாக வந்தது. ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயர் டெடி. கரடி பொம்மைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே சமயத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம் என்பவரும், மனைவியோடு சேர்ந்து கரடி பொம்மை செய்து விற்க ஆரம்பித்திருந்தார். அவர் செய்தது இவருக்குத் தெரியாது. இவர் செய்தது அவருக்குத் தெரியாது. ஆக, டெடி பியருக்கு இரண்டு பிறந்த வீடுகள்!

1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் ஸ்டைஃப் பொம்மைகளுக்குப் பெரிய பரிசு கிடைத்தது. அந்த ஆண்டில் மட்டும் 12,000 கரடிகள் விற்றன. உடனே போலிகளும் கிளம்பின. அதைச் சமாளிக்க ஃபிரான்ஸ் என்ற இன்னொரு மருமகன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பொம்மையின் இடது காதிலும் ஒரு சின்ன உலோகப் பொத்தான்! முதலில் வந்த பொத்தான்களில் இருந்த படம் யானை. ஊசி குத்தி வைத்த அந்தக் குட்டி யானையை அவர்கள் மறக்கவில்லை.

வேலை கூடிக்கொண்டே போனது. 1903-ல் ஒரு புதிய தொழிற்சாலைக் கட்டடம் எழும்பியது. இரும்புச் சட்டங்கள், சுற்றிலும் கண்ணாடிச் சுவர்கள். அதுவும் ஒன்றல்ல, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டைக் கண்ணாடி! மின்விளக்குகள் பரவலாக வராத காலம் அது. நுணுக்கமான தையலுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும் அல்லவா? மூன்று தளங்களிலும் வெளிச்சம் கொட்டியது. உள்ளே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். வெளியே போகிறவர்களுக்கு அவர்கள் பளிச்சென்று தெரிவார்கள். ஊர்க்காரர்கள் கட்டடத்துக்குக் கன்னியர் மீன்தொட்டி என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். மீன்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்குமோ!

அந்த மீன்தொட்டிக்குள் ஒரு கரடி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போமா? மோஹேர் துணியின் பின்பக்கம் அச்சு வைத்து வரைவார்கள். ரோமம் அறுபடாமல் துண்டு துண்டாக வெட்டுவார்கள். உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்து, ஒரு இடுக்கு விட்டு, அதன் வழியாகத் திருப்புவார்கள். கையும் காலும் உடம்போடு சேரும் இடத்தில் அட்டை வட்டுகள் வைத்து இணைப்பார்கள். அதனால்தான் அவை சுழல்கின்றன. பிறகு, மரச் சுருள் அடைப்பு. இழைப்புளி போட்டால் வரும் சுருள் இருக்கிறதே, அதைவிட மெல்லியது. குச்சியால் குத்திக் குத்தி மூக்கு நுனி வரை இறுக்கமாக அடைக்க வேண்டும். தூசி பறக்கும், கை கடுத்துப் போகும். அப்புறம் இடுக்கைக் கையால் தைத்து மூட வேண்டும். கண்ணுக்கு ஷூ பொத்தான். மூக்கும் வாயும் நூலால் போடும் தையல். ஒரு நூல் இடம் மாறினால் கரடி சிரிப்பதற்குப் பதில் முறைக்கும்! கடைசியாக, தையலுக்குள் சிக்கிய ரோமத்தை எடுத்துவிட்டு வாரிவிடுவார்கள். காதில் பொத்தான். அவ்வளவுதான், கரடி ரெடி!

1907-ல் ஸ்டைஃப் கம்பெனி செய்த கரடிகளின் எண்ணிக்கை 9 லட்சத்து 74 ஆயிரம்! ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 3200-க்கும் மேல் வரும். 1903-ல் திகைக்க வைத்த அந்த முழு ஆர்டர், இப்போது ஒரே ஒரு நாள் வேலை!

தொழிற்சாலைக்குள் 400 பேர் வேலை செய்தார்கள். வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுத்தவர்கள் 1800 பேர். வெட்டிய துணிகளை வாங்கிக்கொண்டு போய், வீட்டு வேலை முடிந்த நேரத்தில் தைத்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். எத்தனை உருப்படி முடித்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. எங்கோ ஒரு குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் கரடிக்காக, கீங்கனில் ஒரு அம்மா, தன் குழந்தை தூங்கிய பிறகு தைத்துக்கொண்டிருந்திருப்பார். பொம்மை வேலைதானே என்று அதை லேசாக நினைத்துவிடக் கூடாது. ஆனால், வெளி வேலைக்குப் போக வழியில்லாத பெண்களுக்கு வீட்டுக்கே வேலை வந்தது. வீட்டை விட்டு நகர முடியாமல் இருப்பது என்றால் என்ன என்று மார்கரெட்டைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

1906-ல் அது தனியார் நிறுவனமாக மாறியது. மருமகன்களையும் நிர்வாகத்தில் சேர்த்துக்கொண்டார் மார்கரெட். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு அவர்கள்தான் பிள்ளைகள் மாதிரி. காதுப் பொத்தான் யோசனை சொன்ன ஃபிரான்ஸ் 1908-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அடுத்த ஆண்டு, 1909 மே 9-ந் தேதி, நிமோனியா காய்ச்சலால் மார்கரெட்டும் காலமானார். வயது 61. பிறந்த ஊரிலேயே, தன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே.

கண்ணாடித் தொழிற்சாலை இன்றும் கீங்கனில் நிற்கிறது. 2005-ல் அங்கே ஒரு பெரிய அருங்காட்சியகமும் திறந்தார்கள். பழைய ஸ்டைஃப் கரடிகளுக்கு இப்போது ராஜ மரியாதை! 1904-ல் செய்த ஒரு கரடி 1994-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஜப்பான்காரர் ஒருவர் அதை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால், எல்லாவற்றுக்கும் மூத்த கரடி ஒன்று இருக்கிறது அல்லவா? 1903-ல் அந்த அமெரிக்க வியாபாரிக்காகச் செய்த 55 பிபி? அந்த 3000 கரடிகளில் ஒன்றுகூட இன்று வரை யார் கண்ணிலும் படவில்லை. பழைய பொம்மை சேகரிப்பவர்கள் இன்னமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காதைத் தடவிப் பார்த்தும் பயனில்லை குட்டீஸ்... பொத்தான் வருவதற்கு முந்தைய ஆண்டே கிளம்பிவிட்ட கரடிகள் ஆயிற்றே அவை!